பார்வோன் மகளும் பால் கொடுத்தவளும்

அலெய்டா ரெய்ன்டர்ஸ் எங்களை உட்காரச் சொல்லவில்லை. அந்த வரவேற்பறையில் நாற்காலிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவை எங்களைப் போன்ற ஆட்களுக்கு இல்லை என்பதை அவள் முகத்திலேயே படிக்க முடிந்தது. வாசலில் எங்கள் காலணிகளைக் கழற்ற வைத்து, ஆளுக்கொரு ஜோடி வைக்கோல் செருப்பு மாட்டித்தான் உள்ளே விட்டிருந்தார்கள்.

"வேலை முடிஞ்சது. பையனைக் கண்டுபிடிச்சிட்டீங்க, கூலியும் வாங்கிட்டீங்க. இன்னும் என்ன?" என்றாள்.

என் முதலாளி வோல்ஃபர்ட் க்ரோன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "ஒரு சந்தேகம்" என்றார்.

"சந்தேகத்துக்கு நான் காசு கொடுக்கலை."

"அது இலவசம்மா," என்றேன் நான். "ஒவ்வொரு வழக்கோடயும் ஒரு சந்தேகம் சும்மா தருவோம்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும். என் பெயர் டியூனிஸ். க்ரோனுக்குத் துப்பு துலக்கத் தெரியும், எனக்கு வாயை மூடத் தெரியாது. இந்த இரண்டு குறைகளையும் வைத்துத்தான் லெய்டன் நகரத்தில் பிழைப்பு நடத்துகிறோம்.

வழக்கு சின்னது. கம்பளி வியாபாரி யாஸ்பர் ரெய்ன்டர்ஸ் போன குளிர்காலத்தில் இறந்துபோனார். ஒரே மகன் ஃப்ளோரிஸ், ஐந்து வயது. அவனுக்குப் பால் கொடுத்து வளர்த்த தாதி வெண்டெலாவை, விதவையான அலெய்டா வேலையை விட்டு நிறுத்திவிட்டாள். போன சனிக்கிழமை வெண்டெலா பின்வாசல் வழியாக வந்து, பையனைத் தூக்கிக்கொண்டு ஹார்லெம் ஊருக்குப் போகும் படகில் ஏறிவிட்டாள். நாங்கள் போய்ப் பிடித்தோம். பிடித்தபோது என் கையைக் கடித்துவிட்டாள், அது வேறு கதை. பையன் இப்போது மாடியில், தாதி நகரச் சிறையில். நாளைக் காலை நீதிபதிகள் முன்னால் க்ரோன் நடந்ததைச் சொல்ல வேண்டும். சொன்னால் அவளைச் சந்தையில் நிறுத்திச் சாட்டையால் அடித்து, நூற்புச் சிறைக்கு அனுப்புவார்கள். அங்கே போன பெண்கள் நூல் நூற்கும் ராட்டினத்தோடேயே கிழவியாகிவிடுவார்கள்.

"பின்வாசலுக்குப் பக்கத்துலதான் வெள்ளிச் சாமான் அலமாரி," என்றார் க்ரோன். "அது பூட்டியும் இல்லை. அவ ஒரு கரண்டியைக்கூடத் தொடலை."

"அவ திருடி இல்லைங்கிறீங்களா?"

"எதைத் திருடினான்னு எனக்குப் புரியலைங்கிறேன்."

பேசிக்கொண்டே அவர் கண் சுவருக்குப் போய்விட்டது. அங்கே ஆளுயரத்துக்கு ஒரு ஓவியம். எங்கள் ஊரில் ஒருவனுக்கு நாலு காசு சேர்ந்தால் போதும், உடனே வேதாகமத்துக்குள் குடியேறிவிடுவான். ரொட்டிக்கடைக்காரன் ஆபிரகாம் ஆவான். வரி வசூலிக்கிறவன் தாவீது ராஜா ஆவான். யூதாஸ் வேஷம் வேண்டுமென்று மட்டும் இதுவரை யாரும் கேட்டதில்லை, தகுதி உள்ளவர்கள் நிறையப் பேர் இருந்தும்.

ரெய்ன்டர்ஸ் குடும்பம் எகிப்துக்குக் குடிபோயிருந்தது. நதிக்கரையில் பார்வோன் மகளாக அலெய்டா, கழுத்து நிறைய முத்து. தலைப்பாகை கட்டிக்கொண்டு குடை பிடிக்கும் வேலையாளாக யாஸ்பர். நாணல் கூடைக்குள் கைக்குழந்தை மோசேயாக ஃப்ளோரிஸ். கூடைக்குப் பக்கத்தில் மண்டியிட்டுத் தாதி வெண்டெலா. எல்லாரும் நம்மைப் பார்க்கிறார்கள், கைக்குழந்தை உட்பட. வெண்டெலா மட்டும் கூடையைப் பார்க்கிறாள்.

"டியூனிஸ், அந்தத் தாதியைப் பாரு. என்ன தெரியுது?"

"தலை ஒரு ஊர்ல இருக்கு, கண்ணு இன்னொரு ஊர்ல இருக்கு பாஸ்."

வெறும் வாய்க்காகச் சொல்லவில்லை. அவள் முகம் நேராக நம் பக்கம் திரும்பி இருந்தது. மோவாய் தூக்கி இருந்தது. இரண்டு காதும் ஒரே அளவுக்குத் தெரிந்தன. அப்படி நிமிர்ந்த ஒரு முகம் நம் கண்ணைப் பார்க்காமல் எதைப் பார்க்கும்? நானே மோவாயைத் தூக்கி, கண்ணை மட்டும் கீழே இறக்கிப் பார்த்தேன். ராத்திரிக் காவலில் தூங்கி வழிகிறவன் மாதிரி ஆகிவிட்டது.

"படம் பார்க்கவா வந்தீங்க?" அலெய்டாவின் குரல் உயர்ந்தது. "வெளியே போங்க. நாளைக்கு எதைச் சொல்லக் கூப்பிட்டிருக்கோ அதை மட்டும் சொல்லுங்க. அதிகமா ஒரு வார்த்தை பேசினா, இந்த ஊர்ல உங்களுக்கு வேலை கொடுக்க ஆள் இருக்காது."

வெளியே வந்து காலணியை மாட்டும்போது க்ரோன் சிரித்தார். "வெள்ளிக் கரண்டியப் பத்திக் கேட்டப்ப எரிச்சல்தான் பட்டா. படத்தைப் பார்த்ததும் பயந்துட்டா."

"அப்ப ஓவியனைப் போய்ப் பார்ப்போம். அவனும் நம்மைத் துரத்தட்டும். இன்னைக்கு நாள் அப்படி."

*

ஓவியன் லுப்பெர்ட்டின் பட்டறையில் ஏற்கெனவே சண்டை நடந்துகொண்டிருந்தது. தகரக் கிரீடம் வைத்துக்கொண்டு பீர் வியாபாரி ஒருவர் சாலமோன் ராஜாவாக உட்கார்ந்திருந்தார். அவர் எதிரில் அவருடைய மச்சினிகள் இரண்டு பேர் இடுப்பில் கை வைத்து நின்றார்கள். சாலமோன் தீர்ப்பு சொல்ல, ஒரே குழந்தைக்குச் சண்டை போடும் ஒரு நல்ல தாயும் ஒரு பொய்த் தாயும் வேண்டும். இரண்டு மச்சினிகளும் நல்ல தாயாகத்தான் நிற்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றார்கள்.

"ஒருத்தி பொய்க்காரியா நின்னே ஆகணும்," லுப்பெர்ட் தூரிகையால் மேஜையில் அடித்தான். "இல்லைன்னா ராஜாவுக்கு இங்க என்ன வேலை?"

"அவளையே நிக்கச் சொல்லுங்க. அவளுக்கு வேஷமே போட வேண்டாம்," என்றாள் பெரியவள்.

"ரெண்டு பேருமே நல்லவங்கன்னா குழந்தைய நிஜமாவே ரெண்டா வெட்டிட வேண்டியதுதான்," என்று நான் என் பங்குக்கு உதவினேன்.

மூன்று பேரும் சேர்ந்து என்னை முறைத்தார்கள். அந்தக் குடும்பத்தை ஒற்றுமைப்படுத்திய புண்ணியம் எனக்கு.

"யாருய்யா நீங்க? கதவு திறந்திருந்தா நுழைஞ்சிடுவீங்களா?" லுப்பெர்ட் எங்கள் பக்கம் திரும்பினான்.

"க்ரோன். ரெய்ன்டர்ஸ் வீட்டு விஷயமா வந்தேன்."

"என்கிட்ட படம் வரைய வர்றவங்களப் பத்தி நான் வெளிய பேசறதில்லை. கெளம்புங்க."

"பேச வேண்டாம். ஒரு தகவல் சொல்லிட்டுப் போயிடறேன். அந்தப் படத்துல உங்க சீடன் எவனோ தாதியோட கண்ணைச் சொதப்பி வச்சிருக்கான். ஊர்ல பேசிக்கிறாங்க. பேர் கெட்டுடப் போகுது."

க்ரோன் கதவு வரைக்கும் நடந்தார். நானும் நடந்தேன். அவர் மெதுவாக நடந்ததால் நானும் மெதுவாகத்தான் நடந்தேன்.

"நில்லுய்யா," லுப்பெர்ட்டுக்கு முகம் சிவந்துவிட்டது. "சீடனா? அந்தக் கண்ணுல கை வச்சது நான். முதல்ல நான் போட்ட கண்ணைப் பார்த்திருந்தா நீ மண்டி போட்டிருப்ப. இறக்கி வைன்னு அந்தம்மா சொன்னா, இறக்கினேன். தலையையும் சேர்த்துத் திருப்பணும், இல்லைன்னா அசிங்கமா இருக்கும்னேன். தலைக்கெல்லாம் நேரம் இல்லை, கண்ணு மட்டும் போதும்னுட்டா."

"ஒரு வேலைக்காரியோட கண்ணு எங்க பார்த்தா அந்தம்மாவுக்கு என்ன?"

"நீ இந்த ஊர்க்காரன்தானே?" லுப்பெர்ட் ஏளனமாகச் சிரித்தான். "காசு கொடுத்த முகம் படத்துக்கு வெளிய பார்க்கும். கூலிக்கு நின்ன முகம் படத்துக்குள்ள பார்க்கும். வேஷம் எதுவா இருந்தாலும், 'இது நான்தான்'னு காட்டிக்கத்தானே காசு கொடுக்கறாங்க? மத்தவங்க எல்லாம் கூட்டத்துக்கு. இதோ, இந்த ரெண்டு அம்மாவும் எவ்வளவு சண்டை போட்டாலும் கடைசியில வெளியதான் பார்ப்பாங்க. குழந்தையப் பிடிச்சிருக்கற போர்வீரன் குழந்தையப் பார்ப்பான். ஏன்னா அவன் எங்க தெருவுல மீன் விக்கிறவன்."

"வெண்டெலா முகத்துக்குக் காசு கொடுத்தது யாரு?"

"ரெய்ன்டர்ஸ்தான். பொண்டாட்டி முகத்துக்கு என்ன கொடுத்தாரோ அதே காசு. எந்தக் கதை வரையணும்னு சொன்னதும் அவர்தான். அந்தம்மாவுக்கு இளவரசி வேஷம்னதும் வாயெல்லாம் பல்லு." அவன் சட்டென்று நிறுத்தினான். அதிகம் பேசிவிட்டது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். "வெளிய போங்கய்யா ரெண்டு பேரும்."

"கடைசியா ஒண்ணு. கண்ணை இறக்கச் சொன்னது எப்ப?"

"அந்த மனுஷனைப் புதைச்ச அதே வாரம்."

கதவு எங்கள் முதுகில் மோதுகிற மாதிரி சாத்தப்பட்டது. உள்ளே மச்சினிகள் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள்.

*

கால்வாய் ஓரமாக நடந்தோம். ஒரு ஹெர்ரிங் மீனை வெங்காயத்தோடு வாங்கி, வாலைப் பிடித்துத் தலையை அண்ணாந்து வாயில் விட்டுக்கொண்டேன். க்ரோன் சாப்பிடவில்லை.

"டியூனிஸ், மோசே கதை சொல்லு."

"அதுக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை இருக்கே, பாஸ்?"

"சொல்லுடா."

"ராஜா, யூதக் குழந்தைகளையெல்லாம் கொல்லச் சொன்னான். ஒரு அம்மா தன் குழந்தையக் கூடையில வச்சு ஆத்துல விட்டா. ராஜா மகள் குளிக்க வந்தவ கூடையப் பார்த்தா. எடுத்துத் தன் பிள்ளையா வளர்க்கணும்னு நினைச்சா. ஆனா பால் கொடுக்க ஆள் வேணுமே? ஒரு தாதியக் கூட்டிட்டு வரச் சொன்னா. தாதியா வந்தது..." வாயில் இருந்த மீன் அப்படியே நின்றுவிட்டது.

"யாரு வந்தது?"

"பெத்த அம்மாவே வந்தா, பாஸ்."

"கூலிக்கு நின்னவள்னா அது வெறும் வேஷம். யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க. காசு கொடுத்த முகமா இருந்தா?" க்ரோன் தொப்பியை அழுத்தி மாட்டினார். "அப்ப அது யாஸ்பர் ரெய்ன்டர்ஸோட வாக்குமூலம். உயிரோட இருந்தப்ப சொல்லத் தைரியம் இல்லாத விஷயத்தைச் சுவத்துல மாட்டி வச்சிட்டான். செத்த உடனே பொண்டாட்டி அதை அழிச்சிட்டா."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பெற்றவளைச் சாட்டையடிக்கு அனுப்பிவிட்டு, முத்து மாலையோடு சுவரில் சிரிக்கிறாள். போதாததற்கு எங்கள் வாயாலேயே அவளுக்குத் தண்டனை வாங்கித் தரப் பார்க்கிறாள். "வாங்க பாஸ். வெண்டெலாகிட்ட சொல்லுவோம். பாவம், சந்தோஷத்துல அழுதுடுவா."

*

வெண்டெலா அழவில்லை. சிறைக் கம்பிக்கு அந்தப் பக்கம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வாட்டசாட்டமான பெண். என்னைப் பார்த்ததும், "கை எப்படி இருக்கு?" என்றாள்.

"வீங்கியிருக்கு."

"நல்லது."

க்ரோன் படத்தைப் பற்றிச் சொன்னார். கண்ணை இறக்கியதைச் சொன்னார். மோசேயின் தாதி யார் என்பதைச் சொன்னார். "நாளைக்கு நீதிபதிகள்கிட்ட இதைச் சொன்னா போதும். தன் பிள்ளைய ஒருத்தி தூக்கிட்டுப் போனா அது திருட்டு இல்லை. சாட்டையும் இல்லை, சிறையும் இல்லை."

அவள் எழுந்து கம்பி அருகில் வந்தாள். க்ரோனின் கால் பக்கத்தில் துப்பினாள்.

"நான் தாதி. முதலாளியம்மா பெத்த பிள்ளைய நான் திருடினேன். அப்படியே சொல்லு."

"வெண்டெலா, எனக்குத் தெரியும்..."

"உனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஹார்மென் ரெய்ன்டர்ஸ் யாருன்னு தெரியுமா? செத்தவரோட தம்பி. நாளைக்கு முன்வரிசையில வக்கீலோட உக்காந்திருப்பான். வேலைக்காரிக்குப் பொறந்த பிள்ளைன்னு ஒரு பேச்சு அந்த அறையில விழுந்தா போதும். கோயில்ல மோதிரம் மாத்தாமப் பொறந்தவனுக்குச் சொத்துல பங்கு கிடையாது. வீடு, கிடங்கு எல்லாம் ஹார்மெனுக்கு. என் பையன் அநாதை விடுதிக்கு."

"என் பையன்" என்ற வார்த்தை விழுந்தது எங்களுக்கும் கேட்டது, அவளுக்கும் கேட்டது. அவள் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

எனக்கு மூக்கு உடைந்து போயிற்று. உண்மையைக் கொண்டுவந்தால் கதவு திறக்கும் என்று நினைத்தோம். அந்த உண்மைதான் பையனை நடுத்தெருவில் நிறுத்தும். அதை மறைக்கத்தான் இவள் சாட்டைக்கு முதுகைக் காட்டத் தயாராக இருக்கிறாள்.

"அப்புறம் ஏன் தூக்கிட்டுப் போனீங்க?" என்று கேட்டேன்.

"என் பழைய துணியெல்லாம் எடுத்துக்கப் பின்வாசலுக்குப் போனேன். ஓடி வந்து பாவாடையப் பிடிச்சான். விடலை. ஹார்லெம் வரைக்கும் ஒரு சவாரி கூட்டிட்டுப் போயிட்டுத் திரும்பிடலாம்னு நினைச்சேன். படகுல மடியிலேயே தூங்கிட்டான். அப்புறம் திரும்ப மனசு வரலை." அவள் குரல் மறுபடி கெட்டியானது. "நீ நாளைக்கு வாயைத் திறந்தா, எத்தனை வருஷம் கழிச்சு வெளிய வந்தாலும் முதல்ல உன் வீட்டுக்குத்தான் வருவேன்."

வெளியே வந்ததும், "ரெண்டு பொம்பளைங்களும் உங்களை ஒழிக்கிறேன்னு சத்தியம் பண்ணியாச்சு பாஸ். ஒரே நாள்ல. இது பெரிய சாதனை," என்றேன்.

க்ரோன் நேராக ரெய்ன்டர்ஸ் வீட்டுப் பக்கம் திரும்பினார்.

*

இந்தத் தடவை வைக்கோல் செருப்புகூடக் கொடுக்கவில்லை. அலெய்டா வாசலிலேயே மறித்தாள். க்ரோன் மெல்லிய குரலில் "லுப்பெர்ட்" என்றார். அவள் வழிவிட்டாள்.

வரவேற்பறையில் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். அவள் மறுக்கவில்லை, அழவுமில்லை.

"சரி. தெரிஞ்சுபோச்சு. என்ன பண்ணப் போறீங்க? ஊர் பூரா தண்டோரா போடப் போறீங்களா? போடுங்க. நாளைக்கே ஹார்மென் என்னையும் பையனையும் வெளிய தள்ளுவான். அவளும் வாயைத் திறக்க மாட்டா. எனக்கு அவளைத் தெரியும்."

"நான் தண்டோரா போட மாட்டேன். நீங்க கூப்பிட்டிருக்கீங்க, அதனால சாட்சி சொல்ல வருவேன். ரெண்டு விரலைத் தூக்கிக் கடவுள் மேல சத்தியம் பண்ணுவேன். அப்புறம் ஹார்மெனோட வக்கீல் எழுந்து, 'அந்தப் பொம்பளை ஏன் பிள்ளையத் தூக்கிட்டுப் போனா?'ன்னு ஒரு கேள்வி கேட்பான். சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்ற பழக்கம் எனக்கு இல்லை."

"சத்தியம் பண்ணாம நிறையச் சொல்லுவார்மா," என்றேன்.

"மிரட்டுறீங்க."

"ஆமா," என்றார் க்ரோன். "புகார் இல்லைன்னா வழக்கு இல்லை. வழக்கு இல்லைன்னா நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்போதும் எங்களை உட்காரச் சொல்லவில்லை.

"ஊருக்குப் பயந்து கண்ணை மாத்தினேன்னு நினைக்கிறீங்க," என்றாள். "அஞ்சு வருஷமா யாரும் கண்டுபிடிக்கலை. இந்தப் படத்துல எல்லாரும் என் முத்தைத்தான் பார்ப்பாங்க. வயித்துல தலையணை கட்டிட்டு மாசக்கணக்கா நடந்தவ நான். எனக்கா ஊருக்குப் பயம்? அவளை வேலையை விட்டு நிறுத்தினேன். மறுநாள் காலையில இறங்கி வந்தா, பையன் முக்காலி போட்டு ஏறி இந்தப் படத்துக்கு முன்னால நிக்கிறான். அவ கண்ணை இவன் பார்க்கிறான், இவனை அவ பார்க்கிறா. கூப்பிட்டேன், திரும்பலை. என் வீட்டுல, என் சுவத்துல, என் பிள்ளைய அவ பார்த்துட்டே இருக்கா. அதான் இறக்கச் சொன்னேன்."

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. வேலைக்காரி தட்டோடு கதவைத் தள்ளினாள். தட்டில் கஞ்சி ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது. "இன்னும் ஒரு வாய்கூட வாங்கலைம்மா. நேத்துலேருந்து தண்ணி மட்டும்தான்."

அலெய்டா தட்டைப் பிடுங்கிக்கொண்டு மேலே போனாள். அவள் குரல் எங்களுக்குக் கேட்டது. முதலில் கெஞ்சினாள். பிறகு அதட்டினாள். மறுபடி கெஞ்சினாள். பையனின் குரல் கேட்கவே இல்லை. ஏதோ உடைந்தது.

அவள் இறங்கி வந்தபோது கறுப்புத் துக்க உடையின் மார்பில் கஞ்சி வழிந்திருந்தது. அதைத் துடைக்கவில்லை. மேஜைக்குப் போய், புகாரைத் திரும்பப் பெறுவதாக ஒரு தாளில் நாலு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு க்ரோனிடம் நீட்டினாள்.

"கூட்டிட்டு வாங்க. பின்வாசல் வழியா. என் கண்ணுல படக் கூடாது. என்கிட்ட பேசக் கூடாது. அவன் என்னைத்தான் அம்மான்னு கூப்பிடணும், அவளை இல்லை. இதுக்கு ஒத்துக்கிட்டாத்தான்."

இவளை வெறுக்க வேண்டும் என்றுதான் நான் வந்திருந்தேன். அது இப்போது பாதிதான் முடிந்தது. அதற்காகவும் அவள் மேல் எனக்குக் கோபம் வந்தது.

*

சிறைக்காரன் தாளை இரண்டு தரம் படித்துவிட்டு வெண்டெலாவை வெளியே விட்டான். அவள் நன்றி சொல்லவில்லை. "சாப்பிட்டானா?" என்றாள்.

"இல்லை."

"அப்ப எதுக்கு நின்னுட்டிருக்கீங்க?" என்று என்னைத் தள்ளிவிட்டு நடந்தாள். அவள் வேகத்துக்கு எங்களால் ஈடு கொடுக்க முடியவில்லை. இரண்டு பாலம் தாண்டுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது.

பின்வாசல் திறந்தே இருந்தது. அவள் கதவில் கை வைத்தபோதுதான் க்ரோன் எட்டிப் பிடித்தார்.

"ஒரு நிபந்தனை இருக்கு. பையன் அந்தம்மாவைத்தான் அம்மான்னு கூப்பிடணும்."

வெண்டெலா திரும்பிப் பார்த்தாள். இவ்வளவு புத்தி கெட்ட ஆளை இதுவரை பார்த்ததில்லை என்பது போல இருந்தது அந்தப் பார்வை.

"அவனுக்குப் பேச்சு வந்ததுலேருந்து நான் வேற என்ன சொல்லிக் கொடுத்தேன்?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.